56 நாள் கணக்கு

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கும் நாளில், நோயாளியின் சிகிச்சை அட்டையின் மேல் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு தேதியை எழுதிவைப்பது என் வழக்கம். அன்றிலிருந்து எண்ணினால் 56-வது நாள் அது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்வீச்சு, உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு இரண்டும் அந்தத் தேதிக்குள் முடிந்துவிட வேண்டும். நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் அதைத் தமிழ் மாதக் கணக்கிலும் சொல்லிவிடுவேன். ஐப்பசியில் தொடங்கினால் மார்கழி வரை, தை பிறந்து தொடங்கினால் பங்குனி வரை. மாதத்தைச் சொன்னால்தான் அந்தச் சமயத்தில் காட்டில் என்ன வேலை இருக்கும், வீட்டில் யார் அதைப் பார்ப்பார்கள் என்று அவர்களால் யோசிக்க முடியும்.

நான் பிறந்தது கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். கதிர்வீச்சு மருத்துவம் படித்தது சென்னையில். அதன்பின் வேலையெல்லாம் தென்மாவட்டங்களில்தான். எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், கழுகுமலை, கயத்தாறு என்று என் ஊரைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். பருத்தி எடுத்தவர்கள், உளுந்து பிடுங்கியவர்கள், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள், கடலை மிட்டாய்க் கம்பெனிக்குப் போனவர்கள், வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டவர்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். வெள்ளைப்படுதலை வருசக் கணக்கில் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் கழித்து மறுபடி ரத்தம் பட்டபோது உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்திருப்பார்கள். இடுப்பு வலி தாங்காமல் எங்களிடம் வரும்போது, கட்டி கருப்பை வாயைத் தாண்டி இடுப்பெலும்புச் சுவர் வரை போயிருக்கும். அதை 3-பி நிலை என்போம். அறுவை சிகிச்சைக்கான கட்டம் கடந்துவிட்டது. அவர்களைக் குணப்படுத்த மிச்சமிருக்கும் வழி கதிர்வீச்சு.

எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். விளாத்திகுளம் பக்கமிருந்து வந்த ஒரு முதியவள் முதல் நாளே என்னிடம் கேட்டாள்: "கத்தி வைக்காம, மருந்து ஊத்தாம, அந்த மெஷினுக்கு அடியில அஞ்சு நிமிசம் படுத்து எந்திரிச்சா கட்டி எப்படித் தாயி கரையும்?" இதைவிடச் சரியான கேள்வியை மருத்துவ மாணவர்கள்கூட என்னிடம் கேட்டதில்லை. நாங்கள் நோயாளியிடம் வற்புறுத்துகிற ஒவ்வொன்றுக்கும், நாள் தவறாமல் வா, ரத்தம் ஏற்றிக்கொள், பாதியில் நிறுத்தாதே என்பதற்கெல்லாம், காரணம் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

அந்த மெஷின் லினாக் ஆகவோ கோபால்ட் கருவியாகவோ இருக்கலாம். அதிலிருந்து வரும் கதிர் உடம்பைச் சுடுவதில்லை. படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. செல்லுக்குள் பெரும்பகுதி தண்ணீர். கதிர் அந்தத் தண்ணீர் மூலக்கூறுகளை உடைத்து ஹைட்ராக்சில் என்ற வீரியமான துணுக்கை உண்டாக்குகிறது. அதன் ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்குதான். அதற்குள் பக்கத்தில் டி.என்.ஏ. இருந்தால் அதன் இழையை அறுத்துவிடும். கதிரால் செல்லுக்கு வரும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படித் தண்ணீர் வழியாக வருவதுதான்.

கதிரின் அளவை கிரே என்ற அலகில் சொல்கிறோம். ஒரு கிரே கதிர் விழுந்தால், ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் ஒற்றை இழை முறிவுகள் ஏறக்குறைய 1,000 ஏற்படும். இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடும் முறிவுகள் 30 முதல் 40 வரை. ஒற்றை இழை முறிந்தால் செல் கவலைப்படுவதில்லை. எதிர் இழையைப் பார்த்து விட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து அறுபட்ட இடம்தான் அதன் உயிர்நிலை. ஏடிஎம் என்ற புரதம் அந்த இடத்தை உணர்ந்ததும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தின் மேல் சில நிமிடங்களுக்குள் பாஸ்பேட் அடையாளம் ஏறுகிறது. அந்த அடையாளத்தை நாடிப் பழுதுபார்க்கும் புரதங்கள் கூடுகின்றன. பழுதுபார்க்க இரண்டு வழிகள். அறுந்த முனைகளைக் கு என்ற புரதம் பிடித்து, அவசரமாக ஒன்றோடொன்று ஒட்டிவிடுவது ஒரு வழி. அதில் எழுத்துகள் விட்டுப்போகலாம், தவறான முனைகளும் ஒட்டிக்கொள்ளலாம். பிரிவதற்காகச் செல் ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கும் நகலைப் பார்த்துப் பிழையில்லாமல் சரிசெய்வது இன்னொரு வழி. மார்பகப் புற்றுநோய்ப் பேச்சில் அடிபடும் பிஆர்சிஏ மரபணுக்களின் வேலை இந்த இரண்டாவது வழியில்தான்.

சாதாரணச் செல்லுக்கும் இதே அடி விழுகிறது. ஆனால் இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நாள் அவகாசத்தில் அது பெரும்பாலானவற்றைச் சரிசெய்து எழுந்துவிடுகிறது. புற்றுநோய்ச் செல்லின் பழுதுபார்க்கும் திறன் குறைபட்டது. அதனால்தான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், தினமும் 1.8 அல்லது 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். "ஒரேயடியா வச்சு அனுப்பிருங்களேன்" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒரேயடியாக வைத்தால் கட்டியோடு குடலும் மூத்திரப்பையும் போய்விடும் என்று சொல்வேன்.

இந்தப் புற்றுநோய்க்கும் கதிருக்கும் உள்ள உறவு நூற்றாண்டைக் கடந்தது. நியூயார்க்கில் மார்கரெட் கிளீவ்ஸ் என்ற பெண் மருத்துவர் 1903-லேயே ரேடியத்தைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தினார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1934-ல் பர்னார்டு கதிரியல் நிறுவனம் தொடங்கியது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கினார். அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் எத்தனையோ ஏழைப் பெண்களுக்கு இதே கதிர்வீச்சைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

செல்லுக்குள் நடப்பதை நாம் அறிந்துகொண்டதும் இந்த நோய் கண்ட ஒரு பெண்ணால்தான். புகையிலைக் காட்டில் உழைத்து வளர்ந்த கறுப்பினப் பெண் ஹென்ரியெட்டா லாக்ஸ். 1951-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருடைய கருப்பை வாயில் ரேடியம் வைத்தபோது, அவரைக் கேட்காமலேயே கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். அந்தச் செல்கள் மட்டும் ஆய்வகத்தில் ஓயாமல் பெருகின. ஹீலா என்று பெயர் பெற்ற அந்தச் செல்களைக் கொண்டுதான் 1956-ல் பக், மார்கஸ் என்ற இருவர், எவ்வளவு கதிருக்கு எத்தனை மனிதச் செல்கள் பிழைக்கும் என்று முதன்முதலில் அளந்தார்கள். இன்று நான் என் நோயாளிக்குப் போடும் கதிர்வீச்சுக் கணக்கின் வேர் அந்த அளவீட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மருத்துவரும் அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கட்டி ஏன் வந்தது என்பதற்கான விடை 1983-ல் கிடைத்தது. ஜெர்மனியின் ஹரால்டு ட்சூர் ஹவுசனின் குழு கருப்பை வாய்க் கட்டிகளில் எச்.பி.வி.-16 வைரஸைக் கண்டது. அடுத்த ஆண்டு எச்.பி.வி.-18. உலகெங்கும் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்தியத்தில் தொற்றும் இந்த வைரஸ் பெரும்பாலோருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். சிலரிடம் மட்டும் தங்கி, தன் மரபணுத் துண்டைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். அப்போது வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் கட்டுப்பாடு இல்லாமல் உற்பத்தியாகும்.

டி.என்.ஏ. சேதமடைந்தால் செல் பிரிவதை நிறுத்தி, சரிசெய்ய நேரம் கொடுப்பது பி53 என்ற புரதம். சரிசெய்யவே முடியாத செல்லைத் தானே சாகவைப்பதும் அதுதான். பல புற்றுநோய்களில் பி53-ன் மரபணுவே கெட்டுப்போயிருக்கும். கருப்பை வாயில் பெரும்பாலும் மரபணு நன்றாகவே இருக்கும். அதிலிருந்து உண்டாகும் புரதத்தை மட்டும் இ6 பிடித்து, செல்லின் புரதச் சிதைப்பு ஏற்பாட்டிடம் ஒப்படைத்து அழித்துவிடுகிறது. இ7 இன்னொரு காவலான ஆர்பி புரதத்தை முடக்குகிறது. இரண்டு காவலும் போனதால் செல் ஓயாமல் பிரிகிறது.

கதிர்வீச்சு வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். காவல் இல்லாத செல், டி.என்.ஏ. அறுந்துகிடக்கும்போதும் நின்று பழுதுபார்க்காமல் அடுத்த பிரிவுக்குப் பாய்கிறது. கடைசிச் சோதனைச் சாவடி ஒன்று மிச்சமிருந்தாலும் பெரிய சேதத்தை அதனால் தாங்க முடிவதில்லை. உடைந்த குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படாமல், பிரியும் வேளையிலேயே செல் சாகிறது. வேகமாகப் பிரியாத செல் சாக நாளாகும். முதல் வாரத்திலேயே கட்டி சுருங்காததற்குக் காரணம் இதுதான். ரத்தக் கசிவு பொதுவாக இரண்டு வாரத்தில் அடங்கும். கட்டி மெல்ல மெல்லச் சுருங்கும். சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்கள் சுருங்கிக்கொண்டிருக்கும். பத்து நாள் ஆகியும் வித்தியாசம் தெரியவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களிடம், அடி விழுந்துவிட்டது, அது பிரியும்போது சாகும் என்று நான் உறுதியாகச் சொல்ல முடிவதற்கு இந்த அறிவே துணை.

இனி ரத்தத்தின் கதை. கதிர் உண்டாக்கும் முறிவு நிலைத்து நிற்க ஆக்சிஜன் வேண்டும். ஹைட்ராக்சில் டி.என்.ஏ.வில் ஏற்படுத்தும் காயத்தோடு ஆக்சிஜன் சேர்ந்தால், காயம் இனிச் சரிசெய்ய முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் செல்லில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அதை உடனே பழைய நிலைக்குத் திருப்பிவிடும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல, இருக்கும் செல்லுக்குத் தேவையானதைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். லண்டனில் கிரே, தாம்லின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1955-ல், ரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தூரத்துக்கு அப்பால் ஆக்சிஜன் எட்டுவதில்லை என்று காட்டினார்கள். பெரிய கட்டியின் நடுப்பகுதி எப்போதும் மூச்சுத் திணறிக் கிடக்கும். ஆக்சிஜன் குறைந்தால் செல் அதை உணரும் வழியைக் கண்டுபிடித்ததற்காக மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு வந்தது. எச்ஐஎஃப் என்ற அந்த உணர்வு வழி கட்டிக்குள் கிளம்பும்போது புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, செல் வேறு இடத்துக்கு ஓடும் குணத்தையும் கற்றுக்கொள்கிறது.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹோகெல் குழுவினர் 1990-களில் கருப்பை வாய்க் கட்டிகளுக்குள் நேரடியாக ஊசி முனையைச் செலுத்தி ஆக்சிஜனை அளந்தார்கள். ஆக்சிஜன் குறைந்த கட்டி உள்ள பெண்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. எங்கள் வார்டில் அப்படி ஊசி வைத்து அளக்கும் வசதி இல்லை. எங்களிடம் இருப்பது ஹீமோகுளோபின் பரிசோதனைதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதன் மேல் மாதக்கணக்கில் கட்டியிலிருந்து ரத்தம் போயிருக்கும். எட்டும் ஏழுமாக வருகிறவர்களைப் பார்க்கிறோம். குறைந்தது பத்துக்கு மேல் கொண்டுவந்து, சிகிச்சை முழுவதும் அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்.

ரத்தம் ஏற்றினால் மட்டும் கட்டி அடங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ரத்தம் குறைந்த பெண்ணுக்குக் கட்டியும் பெரிதாகவே இருக்கும். எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். ரத்தத்தை உயர்த்தும் எரித்ரோபொயட்டின் ஊசியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கால் நாளங்களில் ரத்தம் உறைவது கூடியதால் அதை நிறுத்தினார்கள். ஆனாலும் கதிர் விழும் அந்தக் கணத்தில் கட்டிக்கு ஆக்சிஜன் கொண்டுபோகிற ஒரே வாகனம் ரத்தம்தான். ரத்தம் ஏற்றுவதை என் அணியில் யாரும் சடங்காக நினைப்பதில்லை. பதின்வயதிலேயே ஒரு பெண்ணின் இரும்புச்சத்தைக் கவனிக்காமல் விட்ட ஊர், ஐம்பது வயதில் அவளுடைய புற்றுநோய்ச் சிகிச்சையையும் பலவீனப்படுத்துகிறது என்பதை வார்டில் நின்று பார்க்கிறேன்.

கதிரை நாள்நாளாகப் பிரித்துக் கொடுப்பதற்கு இந்த ஆக்சிஜன் விஷயத்திலும் பயனுண்டு. ஒவ்வொரு நாளும் வெளி அடுக்குச் செல்கள் சாகச் சாக, உள்ளே திணறிக்கொண்டிருந்த செல்களுக்கு ஆக்சிஜன் எட்டும். நேற்றுப் பிழைத்தவை நாளை மாட்டும். ஆனால் மூன்று நான்கு வாரம் கடந்ததும் தப்பிய செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. கோரை முளைத்த காட்டில் மேலாகச் சீவிவிட்டுப் பத்து நாள் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். வந்து பார்க்கும்போது முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். கட்டியும் அப்படித்தான் என்றால் புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள். மொத்தச் சிகிச்சை எட்டு வாரத்தைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 0.5 முதல் 1 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அட்டையில் நான் எழுதும் சிவப்புத் தேதியின் கணக்கு இதுதான்.

நாகலாபுரம் பக்கத்து ஒரு பெண் நான்காவது வாரத்தில் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். ரத்தம் நின்றுவிட்டது, வலி குறைந்துவிட்டது, காட்டில் உளுந்து காய்த்துவிட்டது. கூலிக்கு ஆள் வைக்க அவளிடம் பணம் இல்லை. கிராமச் சுகாதாரச் செவிலியர் தேடிப்போய்க் கூட்டிவந்தபோது இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியிருந்தது. பரிசோதித்தபோது சுருங்கியிருந்த கட்டி மறுபடி கையில் தட்டுப்பட்டது. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாத வெள்ளாமையை அவள் காப்பாற்றத்தான் வேண்டியிருந்தது. விடுபட்ட நாட்களை ஈடுகட்ட முடிந்த அளவுக்கு அளவைக் கூட்டி முடித்தோம். அடுத்த ஆண்டு நோய் திரும்பியது.

அதன்பின் சிகிச்சை தொடங்கும் முன்பே வீட்டு நிலவரத்தை ஒரு பரிசோதனையைப்போலக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். காடு யார் பேரில், அறுப்பு எப்போது, ஆடு மாடு யார் பார்ப்பார்கள், தினம் பஸ்ஸுக்கு எவ்வளவு, உள்ளே தங்க முடியுமா. விளாத்திகுளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வருகிறவள் முதலில் மினி பஸ், பிறகு கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ ஒரு பஸ், பிறகு ஆஸ்பத்திரிக்கு இன்னொன்று ஏற வேண்டும். ஐந்து வாரம் தினமும் அது நடக்காது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சைச் செலவு போய்விடும். தங்குகிற இடமும் கூட இருப்பவரின் கூலியும்தான் பிரச்சினை. வார்டில் தங்க இடம் கிடைத்தால் அவளுக்குச் சிகிச்சை முடியும். ஒரே ஊர்ப் பெண்களாகச் சேர்த்து ஒரே நாளில் தொடங்கவைத்தால் ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். இதையும் நான் கதிர்வீச்சு மருத்துவத்தின் பகுதியாகவே நினைக்கிறேன். செல் பிரியும் வேகத்தை நம்மால் குறைக்க முடியாது. அவள் வராமல் போகும் நாட்களைக் குறைக்க முடியும்.

கதிரோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைக் கொடுக்கிறோம். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம். அது டி.என்.ஏ.வின் இழைகளில் முடிச்சுப் போட்டுப் பழுதுபார்க்கும் புரதங்களைத் திணறவைக்கும். கதிர் அறுத்ததைச் செல் ஒட்ட முடியாமல் போகும். 1999-ல் ஐந்து ஆய்வுகளின் முடிவைப் பார்த்து அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் இதை எல்லோருக்கும் பரிந்துரைத்தது. நம் நாட்டின் 3-பி பெண்களுக்கு இது உதவுமா என்ற கேள்விக்கு மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை பதில் சொன்னது. 850 பெண்களிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கதிரோடு சிஸ்பிளாட்டின் பெற்றவர்களில் 54 சதவீதம், கதிர் மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம். நூற்றுக்கு எட்டுப் பேர் என்பது எங்கள் வார்டில் ஒரு வரிசைக் கட்டில். இப்போது இன்னொரு படி முன்னே போயிருக்கிறார்கள். கதிர்வீச்சுக்கு முன் ஆறு வாரம் மலிவான இரண்டு மருந்துகளைக் கொடுக்கும் இன்டர்லேஸ் ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 500 பெண்களிடம் நடந்து 2024-ல் வெளியானது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 72 சதவீதத்திலிருந்து 80-ஆக உயர்ந்தது. ஆனால் அதற்கும் ஆறு வாரம் கூடுதலாகத் தங்க வேண்டும்.

வெளிக் கதிர்வீச்சு முடியும் தருவாயில் உள் கதிர்வீச்சு. கருப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயும் கருப்பை வாயின் இரு பக்கமும் இரண்டு குழாய்களும் வைத்து, அவற்றினூடே இரிடியம்-192 மணியை அனுப்புகிறோம். அரிசி மணியளவு. அதன் வீரியம் 74 நாளில் பாதியாகும், அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிர் கால் பங்காகிவிடும் என்பதால், கட்டிக்குள் மிகப் பெரிய அளவும் குடலுக்கும் மூத்திரப்பைக்கும் குறைந்த அளவும் கொடுக்க முடிகிறது. எல்லாம் சேர்த்து 80-லிருந்து 90 கிரே வரை கட்டிக்குப் போகிறது. வெளியிலிருந்து இவ்வளவு கொடுக்கவே முடியாது. மூச்சுத் திணறிக் கிடந்த நடுப்பகுதிச் செல்களைக் கடைசியாக முடிப்பது இந்த மணிதான். கூச்சமும் வேதனையும் நிறைந்த இந்தக் கட்டத்தைப் பெண்கள் தவிர்க்க நினைப்பதுண்டு. உள் கதிர்வீச்சு இல்லாமல் நிறுத்தினால் குணமாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மயக்க மருந்து கொடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே படம் போட்டுக் காட்டினால் அவர்கள் மறுப்பதில்லை.

ஒரே நிலை, ஒரே அளவு கட்டி, ஒரே சிகிச்சை. ஆனால் ஒருத்தி குணமாகிறாள், இன்னொருத்திக்குத் திரும்பிவிடுகிறது. இந்தக் கேள்வியை அடையாறில் டாக்டர் ராஜ்குமார் குழுவினர் மரபணு அளவில் எடுத்துக்கொண்டார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்று மூன்றாண்டுக்கு மேல் நோயற்று இருந்த 15 பெண்கள், கதிர்வீச்சு பலிக்காத 10 பெண்கள் ஆகியோரின் சேமித்துவைத்த கட்டி மாதிரிகளில் எந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டார்கள். ஏழு மரபணுக்களைக் கொண்ட ஒரு மதிப்பெண் முறை கிடைத்தது. 2009-ல் அதை வெளியிட்டார்கள். கதிர் மட்டுமே போதுமானவர்களை முன்கூட்டி அடையாளம் காணலாம் என்பது அதன் நோக்கம். பெரிய எண்ணிக்கையில் சரிபார்க்க வேண்டும் என்றும் அவர்களே எழுதினார்கள். 25 பேரின் மாதிரியைக் கொண்டு வார்டில் முடிவெடுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு வந்த நிமிர்வு இன்னும் இருக்கிறது. நம் பெண்களின் கட்டியை நம் ஊரிலேயே செல்லுக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். யாருக்குக் கூடுதல் மருந்து வேண்டும், யாரைச் சிஸ்பிளாட்டினின் சிறுநீரகப் பாதிப்பிலிருந்து விட்டுவிடலாம் என்று ஒரு நாள் தெரிந்துவிட்டால் அது எங்கள் தொழிலையே மாற்றும்.

சிகிச்சை முடிந்த பெண்ணிடமும் கதிரின் வேலை முடிந்துவிடுவதில்லை. சாதாரணச் செல்கள் பழுதைச் சரிசெய்துகொண்டாலும் தழும்பு மிஞ்சும். சிலருக்கு மாதங்கள் கழித்து ஆசனவாயில் ரத்தம் வரும், மூத்திரம் கழிக்கையில் எரியும். பெண்குறி சுருங்கிவிடாமல் இருக்க விரிப்பான் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைப் பற்றிக் கணவரிடமும் சேர்த்துப் பேச வேண்டும். மாதவிலக்கு நிற்காதவர்களுக்குச் சூலகம் அடங்கி மாதவிலக்கு நின்றுவிடும். நான் இதையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கட்டி தீர்ந்த பிறகு ஒரு பெண் தன் வீட்டில் எப்படி வாழப்போகிறாள் என்பதையும் சேர்த்துத்தான் சிகிச்சை.

இத்தனைக்குப் பிறகும் என் வேலையின் சிறந்த பகுதி, என்னிடம் யாரும் வராமல் செய்வது. வைரஸ் தொற்றிய நாளிலிருந்து புற்றுநோய் வர பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த நீண்ட காலத்தில் மாறத் தொடங்கிய செல்லைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை மிக எளிது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாகும் இடத்தைச் செவிலியர் பார்த்தால் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் அம்பிளிக்கை மருத்துவமனையினரும் சங்கரநாராயணன் தலைமையிலான குழுவினரும் நடத்திய ஆய்வில், ஒரே ஒரு பரிசோதனையால் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் அறிவித்தார்கள். எச்.பி.வி. தடுப்பூசியிலும் இந்தியாவின் பங்கு பெரிது. 2009-ல் தொடங்கிய ஆய்வு ஒன்றை மறு ஆண்டு பாதியில் நிறுத்த நேர்ந்ததால் ஒரு டோஸ் மட்டும் பெற்ற சிறுமிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு டோஸே நன்றாகப் பாதுகாக்கிறது என்று தெரிந்தது. இப்போது உலகச் சுகாதார நிறுவனம் ஒரு டோஸை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் தடுப்பூசி 2022-ல் அனுமதி பெற்றது. இ6, இ7 புரதங்களை உண்டாக்கும் வைரஸ் செல்லுக்குள் நுழையவே முடியாமல் தடுக்கும் ஊசி இப்போது நம் நாட்டிலேயே தயாராகிறது.

என்னிடம் வரும் பெண்களின் மகள்களும் மருமகள்களும் துணைக்கு வருவார்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்கிறேன்: உன் வயசு என்ன தாயி, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்தாயா, உன் மகளுக்கு என்ன வயசு. முப்பது கடந்தவளாக இருந்தால் அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன். இத்தனை வருடங்களில் அங்கே பரிசோதித்து, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, சின்னச் சிகிச்சையோடு வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கரண்டு வைக்க வேண்டியிருக்கவில்லை.

அதுவரை, நோய் வந்தவர்களுக்காக நான் கேட்பவை பெரியவை இல்லை. கதிர்வீச்சு மையம் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் சிகிச்சை முடியும் வரை பெண்களும் துணையும் தங்க இடம், தங்கும் நாட்களுக்குத் துணைக்கு வருபவருக்குக் கூலி, கோவில்பட்டியிலேயே ஒரு கதிர்வீச்சு இயந்திரம், பள்ளியிலிருந்தே பெண் பிள்ளைகளின் ரத்தசோகையைச் சரிசெய்யும் கவனம். 56 நாளில் ஒரு பெண்ணின் கட்டி எப்படி முறிகிறது என்பதைச் செல் வரைக்கும் போய்த் தெரிந்துகொண்டுவிட்டோம். அந்த 56 நாளை அவளால் நிறைவு செய்ய முடிகிற ஏற்பாட்டையும் நாம் செய்து கொடுக்க வேண்டும்.